சீப்புக்கல்லுக்குக் காவல் இருந்தவள்

கல்தூம் யாரையும் நம்பமாட்டாள் என்பது பாலைவன ஊரான தமர்னாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். திமிமூன் சந்தையில் பருப்பு வாங்கினால் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். தொழுகைக்கு அழைப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முக்காட்டைச் சரிசெய்வாள். இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு ஊரில் இல்லை. ஆனால் அவள் பிறந்த இடம் தெரிந்தவர்கள் அவ்வளவாகச் சிரிக்கமாட்டார்கள்.

அவள் பிறந்தது கடைமடையில்.

தமர்னாவில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அப்பன் பெயரைக் கேட்பதற்கு முன் எந்த மடை என்று கேட்பார்கள். மேட்டுநிலத்துக்கு அடியில் வெட்டிய சுரங்கக்கால் இருட்டிலேயே ஓடிவந்து குன்றின் காலடியில் வெளிச்சத்தைப் பார்க்கிறது. பார்த்த இடத்தில் குடிதண்ணீர்த் துறை. அதற்குக் கீழே பள்ளிவாசல். அதற்கும் கீழே சீப்புக்கல். ஓர் ஆள் நீளத்துக்குப் பரந்த கல்லில் பல் பல்லாக வெட்டியிருக்கும். வருகிற தண்ணீர் அந்தப் பற்களுக்கு நடுவே பிரிந்து, அவரவர் பங்கு அவரவர் வாய்க்காலில் இறங்கிப்போகும். முதலில் வந்து குடியேறியவர்கள் துறைக்குப் பக்கத்தில் வீடு கட்டினார்கள். பிந்தி வந்தவர்கள் இறங்கி, இறங்கி, கடைசியில் உப்பளத்தின் ஓரம்வரைக்கும் போனார்கள். கடைமடைக்காரனுக்குக் கிடைப்பது மேலே எல்லோரும் குளித்து, துவைத்து, பாய்ச்சி மிச்சம் விட்டது. நாக்கில் வைத்தால் கரிக்கும்.

கல்தூமின் அப்பா தினமும் விடியலில் தன் தொட்டியை எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "மேல எவனோ கை வச்சுட்டான்" என்பார். அவள் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்த வாக்கியம் அது.

அவளைத் தலைமடை வீட்டுப் பையன் புஜமா கட்டிக்கொண்டது ஊருக்கே ஆச்சரியம். கல்யாணமான மறுநாள் காலையில் துறையில் அள்ளிய தண்ணீரைக் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். உப்பே இல்லை. எதையோ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. புஜமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மாமனார் இறந்தபோது அவருடைய மடை இரண்டு மகன்களுக்குமாகப் பிரிந்தது. சீப்புக்கல்லில் அந்த இடத்தில் மட்டும் நடுவே மெல்லிசாக ஒரு புதுப் பல் வைத்தார்கள். இந்தப் பக்கம் புஜமாவுக்கு, அந்தப் பக்கம் தம்பி கத்தூருக்கு. பிறகு ஒரு கோடையில் காய்ச்சல் வந்து புஜமாவும் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. கல்தூமுக்கு மிஞ்சியது ஒரு மடையும், ஒரு தொட்டியும், மேல்பாத்தியில் புஜமா தன் கையால் நட்ட பேரீச்சைகளும்தான்.

தொட்டியின் உள்சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். இரவெல்லாம் வாய்க்கால் கொட்டி, விடியும்போது அந்தக் கல்லின் தலை மூழ்கியிருந்தால் தண்ணீர் மேல்பாத்திவரை ஏறும். மூழ்கவில்லையென்றால் கீழ்ப்பாத்தியோடு நின்றுவிடும். எத்தனையோ வருஷமாக மூழ்கிக்கொண்டிருந்த கல், இந்தக் கோடையில் ஒருநாள் தலை காய்ந்து வெளியே நின்றது. மறுநாளும் நின்றது. வாரக்கடைசியில் பல்லி ஒன்று அதன்மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. பேரீச்சைக் குலைகள் கனம் பிடிக்கிற நேரம். இன்னும் கொஞ்சநாள் இப்படியே போனால் காய்கள் சூம்பி உதிரும். அடுத்த கோடையில் மரமே போய்விடும்.

கல்தூம் தொட்டி விளிம்பில் நின்று வாய்விட்டுச் சொன்னாள்: "மேல எவனோ கை வச்சுட்டான்."

எவன் என்பதில் அவளுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. சீப்புக்கல்லின் ஓரத்தில் இருக்கும் அவள் மடையை ஒட்டியிருப்பது ஒரே ஒரு மடை.

அன்றே துவைகல்லுக்குப் போனாள். கத்தூரின் மனைவி தாவியா போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுப் புதினா நல்லா தளதளன்னு இருக்கே, தாவியா."

"எங்கே அக்கா, பாதி காஞ்சு போச்சு. தேத்தண்ணிக்கு நாலு இலை கிள்ளவே யோசனையா இருக்கு."

"சுவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கும்போது வாசம் தூக்குது."

தாவியா போர்வையை அடிப்பதை நிறுத்தினாள். "மூக்கை எங்க சுவத்துலதான் தொங்கவிட்டிருக்கியா?"

"காத்து வருது. மூக்கு எங்கேயும் போகல."

"காத்து உன் பக்கம் வந்தா எங்களுக்குத் தண்ணி வந்துருச்சா? போய் உன் மச்சினரையே கேளு. அவரும் ரொம்ப நாளா தொட்டியைப் பாத்துக்கிட்டுப் பேய் பிடிச்ச மாதிரிதான் நிக்கறாரு."

நிற்பான், ஏன் நிற்கமாட்டான் என்று கல்தூம் நினைத்துக்கொண்டாள். திருடுகிறவன் நடிக்கத் தெரியாமலா திருடுவான்.

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே தடயம். கத்தூரின் செருப்பில் ஈரக் களிமண். அவன் கழுதை அவள் வாய்க்கால் ஓரமாகவே போகிறது. பள்ளிவாசலில் இருந்து வீட்டுக்கு நேர்வழி இருக்க, அவன் சீப்புக்கல் வழியாகச் சுற்றிப் போகிறான். எதிர்ப்பட்டால் சலாம் சொல்கிறான், அதுவும் முன்பைவிட மரியாதையாக. மரியாதை கூடினால் அவளுக்குச் சந்தேகமும் கூடும்.

விடியலில் சீப்புக்கல்லுக்குப் போவது அவளுடைய நெடுநாள் வழக்கம். புஜமா இறந்த பிறகு ஒருநாள்கூட விட்டதில்லை. மேட்டுநிலத்தில் பொறுக்கிய கறுப்புச் சிக்கிமுக்கிக் கல் ஒன்றைப் போர்வை முனையில் முடிந்துவைத்திருப்பாள். குனிந்து தன் மடையின் இரண்டு பக்கமும் அதை விட்டுச் சுரண்டுவாள். ராத்திரியில் படிந்த பாசியா, எவனாவது அப்பிவிட்ட களிமண்ணா, யார் கண்டது? எதுவாக இருந்தாலும் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்போது சந்தேகம் வந்தபிறகு விடியலில் ஒரு தடவை, மதியத்தில் ஒரு தடவை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தடவை என்றாகிவிட்டது.

ஒருநாள் மாலை சீப்புக்கல்லைச் சுற்றி அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவிவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் சாம்பலில் பெரிய பாதங்கள். வலது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. கத்தூர் சின்ன வயதில் சுரங்கக்காலில் இறங்கி விரலைத் தொலைத்தவன். அவனேதான் என்று நினைத்தாள். உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தாள். அவள் தூவிய சாம்பல் வெள்ளை. அதன்மேல் இன்னொரு சாம்பல் இருந்தது, கொஞ்சம் கறுப்பாக.

"பேரீச்சை மட்டைச் சாம்பல், மதினி. உன்னோடது விறகுச் சாம்பல்."

பின்னால் கத்தூர் நின்றிருந்தான். தலைப்பாகையை மூக்குக்கு மேலே சுற்றியிருந்ததால் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியவில்லை.

"நீ எதுக்குச் சாம்பல் போட்ட?"

"நீ எதுக்குப் போட்டியோ அதுக்குத்தான்."

"என் தொட்டியில கல்லு மூழ்கல."

"என் தொட்டியில கல்லு மூழ்கி ரொம்ப காலம் ஆச்சு. நான் ஊரைக் கூட்டினேனா?"

"கூட்டமாட்ட. கூட்டினா உன் குட்டு உடைஞ்சிரும்."

கத்தூர் சீப்புக்கல்லைப் பார்த்தான், அவள் போர்வை முனையைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "உனக்கு எது தோணுதோ அதைச் செய் மதினி" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போகிறவன் குற்றவாளி இல்லையென்றால் வேறு யார் குற்றவாளி? அன்று பகலே கல்தூம், மடைகளின் தண்ணீர்ப் பங்கை அளந்து பார்க்க, அளவு கூப்பிட்டாள்.

அளவு கூப்பிடுவது சின்ன விஷயமில்லை. கூப்பிடுகிறவர் தண்ணீரில் பங்குள்ள பங்காளிகள் எல்லோருக்கும் சோறு போடவேண்டும். அளக்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும். உள்ளூர்க்காரன் கையை ஊர் நம்பாது. அளவில் யார் மடையில் கூடுதல் தண்ணீர் போவதாகத் தெரிகிறதோ அவர், குறைந்தவருக்கு, பிறையிலிருந்து அடுத்த பிறைவரை ஒரு நிலாக்காலம் முழுக்கத் தன் தண்ணீரைத் திருப்பிவிடவேண்டும். கோடை நடுவில் ஒரு நிலாக்காலம் தண்ணீர் போனால் தோட்டம் எலும்புதான். கத்தூரின் தோட்டம் காய்வதை நினைத்தபோது தாவியாவின் புதினாவும் ஞாபகம் வந்தது. அதற்காக மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, இருந்த கிடாயை அறுக்கச் சொன்னாள்.

பக்கத்து ஊரிலிருந்து அளக்க அம்பாரெக் வந்தார். செம்புத் தகட்டைத் துணியில் சுற்றிக் கழுதைமேல் வைத்துக் கொண்டுவந்தார். காலை வெயில் குன்றைத் தொடும்போது பங்காளிகள் எல்லோரும் சீப்புக்கல்லைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஓர் உருண்டை களிமண் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் களிமண்ணை மட்டும் வைத்து அளந்தால் அதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் மற்றவருக்கு வரும். அம்பாரெக் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டி, இரண்டு உள்ளங்கையையும் எல்லோருக்கும் காட்டினார்.

"கக்கத்தையும் தூக்கிக் காட்டவா? இந்த ஊர் அதையும் கேக்குமே."

"கல்தூம் கேப்பா," என்றது ஒரு குரல். சிரித்தார்கள். பெண்களோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த கல்தூம் சிரிக்கவில்லை.

முதலில் மொத்த நீர். செம்புத் தகட்டில் சுண்டுவிரல் கனத்துக்கு வரிசை வரிசையாகத் துளைகள். எல்லாத் துளையையும் களிமண்ணால் அடைத்து, சீப்புக்கல்லுக்கு முன்னால் தகட்டை நிறுத்தி, ஓரங்களைப் பூசினார். தண்ணீர் தேங்கி ஏறியது. ஒவ்வொரு துளையாகத் திறந்துகொண்டே போனார். தகட்டின் விளிம்பில் தண்ணீர் வழியாமலும் இறங்காமலும் நிற்கிறவரைக்கும் திறக்கவேண்டும். அவர் பாதித் துளைகளைக் கொஞ்சம் தாண்டியதும் தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டது.

போன அளவில் அந்தத் தகட்டில் ஏறக்குறைய எல்லாத் துளையும் திறந்திருந்ததைப் பார்த்த கிழவர்கள் அங்கே இருந்தார்கள்.

"மேட்டுல மோட்டார் போட்டிருக்கானுங்க, அதான்," என்றார் ஒருவர்.

"மோட்டார் வர்றதுக்கு முன்னாலயே குறைஞ்சுது," என்றார் இன்னொருவர்.

அம்பாரெக் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "எவன் குடிக்கிறான்னு தகடு சொல்லாது. எவ்வளவு வருதுன்னுதான் சொல்லும். அடுத்து யாரு?"

"கத்தூர் மடை," என்றாள் கல்தூம், அங்கிருந்தே.

கத்தூர் மடையில் சின்னத் தகட்டை வைத்தார். மொத்தம் குறைந்த கணக்குக்கு இத்தனை துளை திறக்கவேண்டும் என்று முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டார். அத்தனையும் திறப்பதற்கு முன்பே தண்ணீர் இறங்கிவிட்டது. கத்தூருக்குக் கூடுதல் இல்லை, குறைகிறது. கல்தூம் எட்டி, துளைகளைத் தானே எண்ணிப் பார்த்தாள். பின்னே யார்? கத்தூருக்கு அந்தப் பக்கம் இருப்பவனா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தது.

"உன்னோடது, அம்மா," என்றார் அம்பாரெக்.

அவள் மடையில் தகட்டை வைத்தார். அவள் பங்குத் துளைகள் திறந்தன. தண்ணீர் தகட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. இன்னொரு துளை திறந்தார். வழிந்தது. இன்னொன்றும் திறந்தார். அப்புறம்தான் நின்றது.

அவர் தகட்டை எடுத்து வைத்துவிட்டு மடைக்குள் விரலை விட்டு மேலும் கீழும் தடவினார். நடுவில் வைத்த அந்த மெல்லிசான பல்லை ரொம்ப நேரம் தடவினார்.

"இது உடைஞ்சது இல்ல. உளி பட்டதும் இல்ல. தேஞ்சிருக்கு. கண்ணாடி மாதிரி வழவழன்னு. யாரோ தினமும் உட்கார்ந்து தேய்ச்ச மாதிரி."

கல்தூமின் போர்வை முனை திடீரென்று கனத்தது. அந்த முனையில் என்ன இருக்கிறது என்பது ஊரில் கத்தூர் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் என்ன கணக்கு வைத்திருக்கிறான்? பிறகு எப்போது எடுத்துவிடப் போகிறான்? அதைத் தாங்கமுடியாமல் அவளே எழுந்தாள். முடிச்சை அவிழ்த்து, கறுப்புக் கல்லை எடுத்துச் சீப்புக்கல்லின்மேல் வைத்தாள்.

"களிமண் அப்பியிருப்பாங்கன்னு சுரண்டினேன்," என்றாள். "அவர் போனதுல இருந்து."

ஊர் அந்தக் கல்லைப் பார்த்தது. அதன் ஒரு முனை உருண்டு வட்டமாகப் போயிருந்தது. திருட்டைப் பிடிக்க அளவு கூப்பிட்டுக் கிடாய் அறுத்தவள் கல்தூம்தான்; பிடிபட்டதும் கல்தூம்தான். இதைவிடப் பெரிய சிரிப்பு அந்த ஊருக்குக் கிடைக்காது. ஆனால் மொத்தத் தகட்டில் தண்ணீர் பாதியில் நின்றதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தாவியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "என் புதினா வாசம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா அக்கா?"

"கத்தூர்," என்றார் அம்பாரெக். "குறைஞ்சது உனக்கு. ஒரு நிலாக்காலத்துத் தண்ணி உனக்கு வரணும். எப்ப எடுத்துக்கற?"

கல்தூம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்றே என்று சொன்னால் கீழ்ப்பாத்தியும் போய்விடும்.

"குளிர்காலத்துல எடுத்துக்கறேன்," என்றான் கத்தூர்.

குளிர்காலத்தில் மரத்துக்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மனுஷன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கல்தூமுக்கு மட்டும் சட்டென்று பொறி தட்டியது. குளிர்காலத்தில்தான் பார்லி விதைப்பு. இரண்டு மடைத் தண்ணீர் வைத்துக்கொண்டு இவன் எத்தனை பாத்தி விதைக்கப் போகிறான்?

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது கூஸ்கூஸ் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைக்கும் சாக்கில் மெதுவாகக் கேட்டாள்.

"நான் சுரண்டறதை நீ பாத்திருக்க. ஏன் சொல்லல?"

"எங்க அண்ணன் செத்ததுல இருந்து பாக்கறேன். முதல்ல நீ கழுவறதாத்தான் நெனச்சேன். அப்புறம் கல்லு தேயுதேன்னு பட்டுச்சு." கறித்துண்டைப் பிட்டான். "சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "மாட்டேன். நீ கல்லை வெட்டிட்டுப் பழியை என்மேல போடறேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

கொத்தன் வந்து தேய்ந்த பல்லை எடுத்துவிட்டுப் புதுப் பல் வைத்தான். எல்லா மடையும் வருகிற நீருக்குத் தக்கபடி சரியானது. அதற்கப்புறம் கல்தூமின் தொட்டியில் அந்தக் கல் மூழ்கவே இல்லை. புஜமா நட்ட மரங்களில் குலைகள் சூம்பின. அவள் மேல்பாத்திக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று, தண்ணீர் ஏறுவதற்கு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

மேல்பாத்தியிலிருந்து பார்த்தால் குன்றின் உச்சியில் இடிந்த பழைய ஊர் தெரியும். களவு பெருத்து, பங்காளிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு காலியான ஊர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கல்தூம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தாள். அங்கேயும் தொட்டி இருந்திருக்கும். அதன் சுவரில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்திருக்கும். திருடனைத் தேடிச் சண்டை போட்டிருப்பார்கள், சரி. ஆனால் கடைசியில் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கே வந்தார்கள்? இங்கேதானே, தண்ணீர் எங்கே இறங்கியதோ அங்கே. அப்புறம் அவளுக்கே அது அதிகமாகத் தோன்றியது. களவும் நடந்திருக்கும், ஏன் நடந்திருக்காது.

இலையுதிர் காலத்தில் புஜமாவின் மரங்களின் அடியில் இருந்த பக்கக் கன்றுகளைப் பெயர்த்தெடுத்தாள். ஈரச் சாக்கில் சுற்றிக் கழுதைமேல் ஏற்றினாள். கடைமடையில் அவள் அப்பா விட்டுப்போன பாத்தி எத்தனையோ வருஷமாகத் தரிசாகக் கிடந்தது. கரிப்பு மண்தான், ஆனால் பள்ளம். மேலே எல்லோரும் பாய்ச்சியதில் கசிகிற ஈரம் அங்கே வந்து சேரும். பேரீச்சை உப்பைத் தாங்கும். கழுதை சுமக்காத பெரிய கன்று இரண்டை, கேட்காமலே வந்து தோளில் தூக்கிக்கொண்டான் கத்தூர்.

"அதை எதுக்கு நீ தூக்கற?"

"எங்க அண்ணன் மரத்துக் கன்னு."

"அதுல ரெண்டு உனக்கு வேணுமா?"

"கொடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் மனசுக்கு லேசாக இருந்தது. காரணம் தெரியாத உதவியைவிடக் காரணம் தெரிந்த உதவி அவளுக்கு எப்போதும் சௌகரியம். ஒரு கன்றைக் கொடுத்தாள்.

விடியலில் சீப்புக்கல்லுக்குப் போவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. போர்வை முனையில் இப்போது முடிச்சு இல்லை. அவள் வரும்போது கத்தூரும் பள்ளிவாசலிலிருந்து சுற்றுவழியில் வந்து சேருவான். தண்ணீர் புதுப் பல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இறங்கிப்போவதை இரண்டு பேரும் கொஞ்சநேரம் பார்ப்பார்கள்.

"கையைக் காட்டு மதினி."

கல்தூம் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள்.

"இப்ப உன்னோடதைக் காட்டு," என்பாள்.

அவனும் காட்டுவான். அவள் குனிந்து, நகத்துக்கு இடையில் களிமண் இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.